பூச்சு உரித்த சுவர்

உச்சிமாகாளி மேஸ்திரி பூசிய சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று கரமனைப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பி விட்டவரும் உச்சிமாகாளிதான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகச் சுவரோடு வாழ்கிறவர். பூசி முடித்த சுவரில் கன்னத்தை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துத் தானே தலையாட்டிக்கொள்வார். பாராட்ட இன்னொருத்தர் வரட்டும் என்று காத்திருக்கும் பொறுமை அவருக்குக் கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனிதரைக் கூப்பிட்டு, "மேஸ்திரி, இந்தச் சுவர்ல உள்ள பூச்சை முழுசும் உரிச்சு எடுத்துடணும்" என்று ஒரு பெண் சொன்னால் எப்படி இருக்கும்?

சொன்னவள் ஆர்ஷா. பாறசாலைக்காரி. பெங்களூரில் இன்டீரியர் டிசைன் படித்துவிட்டு வந்து எடுத்த முதல் வேலை இது. இடம், தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய கிடங்கு. கிடங்கின் சொந்தக்காரன் ஆன்சனுடைய அப்பா அதில் கம்பியும் ஆணியும் விற்றார். ஆன்சன் காப்பி விற்கப் போகிறான்.

ஆர்ஷா லேப்டாப்பைத் திறந்து படங்களைக் காட்டினாள். எங்கே பார்த்தாலும் பல்லிளிக்கும் செங்கல் சுவர், தலைக்கு மேலே ஓடும் தண்ணீர்க் குழாய், வெறும் ஒயரில் தொங்கும் பல்பு, டைல்ஸ் காணாத சிமெண்டுத் தரை.

"ஐயோ பாவம், பாதியில வேலய நிப்பாட்டிட்டானுவளோ?" என்றார் உச்சிமாகாளி.

"இல்ல மேஸ்திரி, இதாக்கும் இண்டஸ்ட்ரியல் ஸ்டைல். பழைய ஃபேக்டரி மாதிரி. பைப்பு, கம்பி, செங்கல், எதையும் மறைக்கக் கூடாது. கட்டடம் எப்படி நிக்குதுன்னு வாறவங்க கண்ணால பாக்கணும். அதுலயாக்கும் அழகு."

"காப்பி குடிக்க எவனாவது ஃபேக்டரிக்குள்ள போவானா மேடம்?"

"வரிசையில நிப்பாங்க, பாருங்க" என்றாள் ஆர்ஷா. "அந்த வடக்குச் சுவர்தான் நம்ம ஹீரோ. நீங்க கட்டினதுன்னு ஆன்சன் சொன்னாரே!"

மேஸ்திரிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் ஸ்டைல் அல்ல, சுவர்.

1987இல் அந்த வடக்குச் சுவர்தான் அவருக்குப் பரீட்சை. அதுவரை கையாளாக இருந்தவரிடம் கரண்டியைக் கொடுத்து, "இதைக் கட்டி முடி, உன்னைக் கொத்தனார் ஆக்குதேன்" என்று சொல்லிவிட்டு, கான்ட்ராக்டர் தங்கச்சி கல்யாணத்துக்கு நாகர்கோவில் போய்விட்டார். உச்சிமாகாளி ஏக உற்சாகத்தில், வரிசை நேராக வரக் கட்டிய நூல் தொய்ந்ததைக்கூடப் பார்க்காமல் நெஞ்சளவுக்கு ஏற்றிவிட்டார். செங்கல் வரிசை ஒவ்வொன்றும் ஏறி இறங்கி ஊர்கோலம் போனது. அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடத் தின்ற முட்டைப் பரோட்டா வயிற்றைக் கெடுக்க, அடுத்த மூன்று நாளும் சிமெண்டு மூட்டைகளுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தார்.

மீதிச் சுவரைக் கட்டியது அவர் பெண்டாட்டி நாச்சியார். கல்யாணமாகி ஆறே மாசம். அதே இடத்தில் கலவைச் சட்டி சுமந்த சித்தாள். சித்தாள் கரண்டியைத் தொடக் கூடாது என்பது அன்றைக்கு எல்லா இடத்திலும் எழுதாத சட்டம். நாச்சியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நூலைப் புதிதாகக் கட்டி, ஒரே வரிசையில் கலவையை இங்கே தடிப்பும் அங்கே மெலிசுமாக வைத்துப் புருஷனின் கோணலை நிமிர்த்தினாள். அதற்கு மேலே மச்சுவரைக்கும் ஒரு வரிசை பிசகவில்லை. நாலாம் நாள் எழுந்த உச்சிமாகாளி அவசர அவசரமாக மொத்தத்தையும் பூசி மூடினார். கான்ட்ராக்டர் வந்து பார்த்து அவரைக் கொத்தனார் ஆக்கினார்.

பெண்டாட்டி கட்டின சுவரில் கொத்தனார் ஆனவன் என்று ஊர் சிரித்துவிடக் கூடாதே! அந்தப் பயத்தில் வாயைத் திறக்காதவர், போகப் போகத் தானே முழுசும் கட்டியதாக நம்பவும் தொடங்கிவிட்டார். இருபத்தோரு வருஷத்தில் அந்த வடக்குச் சுவரின் பெருமையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. சொல்லும்போதெல்லாம் நாச்சியார் பக்கத்தில் இருந்தால், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு "ஆமா, ஆமா" என்பாள். அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பூச்சை உரிக்க வேண்டுமாம்.

மேஸ்திரி ஆனமட்டும் தடுத்துப் பார்த்தார். உள்ளே ஈரம் ஏறும் என்றார். உதிர்கிற செங்கல்பொடி காப்பிக்குள் விழும் என்றார். கடைசியாக ஒரு பிரமாதமான யோசனை சொன்னார்.

"பூச்சு இருந்துட்டுப் போவட்டும் மேடம். அதுக்கு மேல செவப்புச் சாயம் அடிச்சு, செங்கல் மாதிரியே கோடு போட்டுத் தாரேன். அசல் தோத்துப்போவும்."

ஆர்ஷா பூச்சைத் தட்டிக் காட்டினாள். "உள்ள செங்கல் வச்சுகிட்டு வெளிய செங்கல் வரையணுமா மேஸ்திரி?"

வேறு வழியில்லாமல் உளியைக் கையில் எடுத்தார். ஆனால் ஏணி போட்டு மேலேயிருந்து உரிக்கத் தொடங்கினார். மேல்பாதியில் யார் கை இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? அன்று சாயங்காலம் பாதிச் சுவர் வெளியே வந்தது. செக்கச்செவேலென்று செங்கல், ஒரே அகலத்தில் இடுக்கு, ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ரசமட்டம்தான் வெட்கப்பட வேண்டும். ஆர்ஷா விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஆன்சனைக் கத்திக் கூப்பிட்டாள்.

"எந்தொரு வேலை! இதைப் போய் மூடி வச்சிருந்தாங்களே! மேஸ்திரி, இங்க இரும்புத் தகட்டுல உங்க பேரை வெட்டி வைக்கப் போறேன். வருஷமும் போடணும்."

"இதுவரைக்கும் போதும் மேடம். கீழ சோபா மறைச்சிரும்" என்றார் அவர் மெல்ல.

"சோபாவா? இரும்பு ஸ்டூல்தான்."

மறுநாள் கீழ்ப்பாதியும் வெளியே வந்தது. ஏறி இறங்கும் வரிசைகளைப் பார்த்து ஆன்சன் வாய்விட்டுச் சிரித்தான். "கீழ எவனோ தொழில் படிக்கிற பையன் கட்டியிருக்கான் போல. அதுக்கப்புறம்தான் நம்ம மேஸ்திரி கைவச்சிருக்கார், அல்லே மேஸ்திரி?"

தலையை ஆட்டினால் போதும். ஆட்டவும் செய்தார். ஆட்டிய தலை வீட்டுக்குப் போகும்வரை கனத்துக்கொண்டே இருந்தது.

கரமனை வீட்டில் நாச்சியார் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் கொட்டினார், தகடு உட்பட. நாச்சியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"முட்டப் பரோட்டா வெளிய வந்துட்டு, பாத்தியளா!"

"சிரிக்காத நாச்சியா. நாளைக்குப் பேரு எழுதிக் குடுக்கணும்."

"உங்க பேரயே எழுதிக் குடுங்க. அதுல எனக்கென்ன கொறஞ்சு போச்சு?" கத்தியைக் கீழே வைத்தாள். "ஆனா ஒண்ணு. என்னைய ஒரு நா அங்க கூட்டிட்டுப் போங்க. நான் வச்ச கலவை ஒணங்குமுன்ன நீங்க பூசிட்டிய. நான் கட்டுன சுவர நின்னு ஒரு வாட்டி பாக்கவே இல்ல."

இருபத்தோரு வருஷம். தான் பூசிய ஒவ்வொரு சுவரையும் கன்னம் வைத்துப் பார்த்த மனிதருக்கு, அவள் ஒன்றே ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை என்பது அந்த நிமிஷம்வரை உறைக்கவில்லை. வெட்கம் வந்தது. அது ஊர் சிரிக்குமே என்ற பழைய வெட்கம் அல்ல.

மறுநாள் காலை ஆர்ஷா கேட்பதற்கு முன்னாலேயே தாளை நீட்டினார். அவள் வாசித்தாள். "நாச்சியார்... இது யாரு?"

"எம் பெண்டாட்டி. மேல உள்ளது முழுசும் அவ கட்டுனது."

"அப்போ கீழ?"

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். ஆன்சன் பார்க்கிறான். பெயிண்டர்கள் பார்க்கிறார்கள். ஒயர் இழுக்கிறவன் ஏணியில் நின்றபடி பார்க்கிறான்.

"கீழ நான்தான்" என்றார்.

முதலில் ஏணிக்காரன் ஆரம்பித்தான், கிடங்கே சிரித்தது. உச்சிமாகாளி எதிர்பார்த்தது போலவே சிரித்தார்கள். எதிர்பாராதது, தானும் சேர்ந்து சிரித்ததுதான். ஆர்ஷா மட்டும் சுவர் அருகே போய், தடித்தும் மெலிந்தும் ஓடிய அந்த ஒற்றைக் கலவை வரிசையில் கையை வைத்தாள்.

"இங்கயா கைமாறிச்சு? அப்ப லைட்டை இந்த வரிசையில அடிக்கணும். ரெண்டு பேரும் தகட்டுல வரணும்."

திறப்பு நாளன்று நாச்சியார் மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் வந்தாள். தலைக்கு மேலே குழாய்கள், தொங்கும் பல்புகள், இரும்பு ஸ்டூல்களில் கல்லூரிப் பிள்ளைகள். யாரையும் அவள் பார்க்கவில்லை. நேராகச் சுவரிடம் போனாள். தகட்டை எழுத்துக் கூட்டி வாசித்தாள்: "கீழே உச்சிமாகாளி, மேலே நாச்சியார், 1987." பிறகு செங்கலில் கன்னத்தை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது ஒரு பக்கக் கன்னத்தில் செங்கல்பொடி ஒட்டியிருந்தது. கண் கலங்கியிருந்தது.

"மேலருந்து ஒம்பதாவது வரிசையில ஒரு கல்லு முக்கு ஒடஞ்சிருக்கு. அன்னைக்கே மாத்தணும்னு நெனச்சேன்" என்றாள்.

ஆர்ஷா அவளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். சுற்றி நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். எப்படிக் கட்டினீர்கள் என்று ஒருத்தி கேட்டதுதான் தாமதம், நாச்சியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன பெரிய காரியம்? காலையில கரண்டிய எடுத்தேன், பொழுது சாயுறதுக்குள்ள முடிச்சிட்டேன். ஒரே நாளு."

மூன்று நாள் என்பது மேஸ்திரியின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, மேலே ஓடிய குழாயைப் பார்த்தபடி சொன்னார்:

"ஆமா, ஆமா."