தலையணையோடு பொருட்காட்சிக்கு

வாகன நிறுத்தத்தின் வாசலில் டோக்கன் கிழித்துக் கொடுக்கும் அக்காவுக்கு 'என்கொயரி' என்று பட்டப்பெயர் வைத்தவர், அதே இடத்தில் விசில் ஊதி கார்களை வரிசையில் நிறுத்தும் அண்ணன். வைத்ததில் தப்பே இல்லை. ஒரு கார் உள்ளே வந்து சக்கரம் நிற்பதற்குள், ஓட்டி வந்தவருக்கு என்ன உத்தியோகம், பிள்ளைகள் எத்தனை, பின்சீட்டுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"உன்னை டோக்கன் கிழிக்க வெச்சதே தப்பு. போலீஸ்ல சேர்த்திருக்கணும்" என்பார் விசில் அண்ணன்.

"போலீஸ்ல இருந்தா நீங்க சொன்ன பொய்க்கெல்லாம் இந்நேரம் உள்ள இருப்பீங்க" என்பாள் அக்கா.

பொருட்காட்சி நடப்பது நகரத்தின் நட்டநடுவில். ராட்டினமும் மரணக்கிணறும் நிற்கிற இடத்தில் காரை நிறுத்துவதாவது! எள் போட்டால் கீழே விழாது. அதனால்தான் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, இடித்துப்போட்ட கிடங்கு ஒன்றின் மைதானத்தை வாகன நிறுத்தமாக்கியிருந்தார்கள். ரயிலில் வருகிறவர்களுக்குக் கவலையில்லை, பொருட்காட்சி வாசலிலேயே ஸ்டேஷன். காரில்தான் வருவேன் என்று அடம்பிடிப்பவர்கள் இங்கே நிறுத்திவிட்டு இலவசப் பேருந்தில் போகலாம். 'பொருட்காட்சி பார்வையாளர்களுக்கு மட்டும்' என்று வாசலில் ஆளுயரப் பலகை வேறு.

அந்த இலவசப் பேருந்தை ஓட்டுவது அக்காவின் நாத்தனார். முப்பத்துநாலு வயது. ஐம்பது இருக்கை வண்டியை ஒற்றைக் கையால் திருப்புவாள். ஆனாலும் வீட்டில் அவள் பெயர் இன்னும் பாப்பாதான். ஓட்டிக்கொண்டிருந்த பள்ளி வேன் நின்றுபோய், கனரக உரிமம் எடுத்து, மூன்று வருடம் ஏறாத படியெல்லாம் ஏறி இறங்கிக் கிடைத்த வேலை இது. அதுவும் சோதனை ஓட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து தலை எண்ணுவார். ஐந்து நடையிலும் சராசரியாக முப்பது பேர் ஏறினால் பேருந்து தொடரும், பாப்பாவும் தொடர்வாள். இல்லாவிட்டால் அன்று மாலையே சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இங்கேதான் அக்காவின் மண்டை குடைய ஆரம்பித்தது.

மைதானத்தில் முந்நூற்றிருபது கார் நிற்கும். பொருட்காட்சி திறப்பது மூன்றரைக்கு. நாலரை மணிக்கெல்லாம் 'இடமில்லை' பலகையை மாட்டிவிடுவார்கள். பின்னால் பிள்ளைகுட்டிகளோடு வருகிற கார்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போகும். ஆனால் பேருந்திலோ ஐந்து பேர், மிஞ்சிப்போனால் ஏழு பேர். பாப்பா ஈ ஓட்டிக்கொண்டு போவாள், ஈ ஓட்டிக்கொண்டு வருவாள். காரில் வந்தவர்கள் எல்லாம் ஆவியாகிப் போனார்களா என்ன?

அக்காவின் டோக்கன் ஜன்னல் சாலையைப் பார்த்து இருந்தது. வருகிறவர்களின் முகம் தெரியும், காரை விட்டு இறங்கிய பிறகு அவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பது தெரியாது. விசில் அண்ணனைக் கேட்டால், "என் வேலை காரைப் பார்க்கிறது. ஆளைப் பார்க்கிறது உன் வேலை" என்று முடித்துக்கொண்டார்.

சரி, நாமே பார்ப்போம் என்று வருகிற முகங்களை அக்கா கவனிக்க ஆரம்பித்தாள். கவனிக்கக் கவனிக்கக் குழப்பம்தான் கூடியது. பாதிக் கார்களில் ஒரே ஒரு ஆள். பொருட்காட்சிக்கு யாராவது தனியாகப் போவார்களா? மடியில் ஃபிளாஸ்க், கையில் துணிப்பை. முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. ஆறரை மணிக்கு ராட்டினத்தில் விளக்குப் போடும் நேரத்தில் இவர்கள் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். காசு கொடுத்து வரவழைத்த கூட்டம் போல வருவதும் போவதும் மணி அடித்த மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை ஒருவர் தலையணையோடு வந்தார்.

நடுவயது, கண்ணாடி, நன்றாகத் தேய்த்த சட்டை. முன்சீட்டில் ஒரு வெள்ளைத் தலையணைக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டிருந்தார்.

"எத்தனை பேரு சார்?" என்றாள் அக்கா.

"ஒருத்தர்."

"தலையணை எதுக்கு சார்?"

"உள்ள தேவைப்படும்" என்று டோக்கனை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அக்காவுக்கு அதற்கு மேல் இருப்புக்கொள்ளவில்லை. ராட்டினத்தில் ஏறித் தூங்கப் போகிறாரா? "அண்ணே, அஞ்சு நிமிஷம் ஜன்னலைப் பார்த்துக்கங்க" என்று டோக்கன் கட்டை விசில் அண்ணன் கையில் திணித்துவிட்டுக் கிளம்பினாள். "உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா" என்று அவர் கத்தியது பாதிதான் காதில் விழுந்தது.

தலையணைக்காரர் பேருந்துப் பக்கமே திரும்பவில்லை. மைதானத்தின் பின்சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு உடைப்பு இருந்தது. அதில் தலையணையை முதலில் விட்டு, பிறகு தானும் நுழைந்தார். அவருக்கு முன்னாலும் ஆட்கள், பின்னாலும் ஆட்கள். எல்லோரும் அக்காவிடம் டோக்கன் வாங்கியவர்கள். டயர் கடை, சலவைக்கடை, பழைய இரும்புக் கடை தாண்டி ஓரமாக, யாரும் யாரோடும் பேசாமல் நடந்தார்கள். பேருந்து போகிற அதே சாலைதான். ஒரு கிலோமீட்டர் நடந்து எல்லோரும் ஒரே வாசலுக்குள் நுழைந்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி.

முன்பக்கம் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தது. புதுக் கட்டடம் வருகிறதாம். ஆஸ்பத்திரியின் வாகன நிறுத்தம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளமும் ஒரு கிரேனும்தான். பார்வை நேரம் நாலிலிருந்து ஆறு. உள்ளே லிஃப்ட்டுக்கு நின்ற வரிசையில் அக்கா பார்த்தாள், கைக்குக் கை ரோஸ் நிற டோக்கன். தான் கிழித்துக் கொடுத்தவை.

தலையணைக்காரர் மூன்றாவது மாடியில் ஒரு அறைக்குள் போனார். கதவு திறந்திருந்தது. கட்டிலில் படுத்திருந்த அம்மாளின் முதுகுக்குப் பின்னால் தலையணையை வைத்து, கொஞ்சம் தள்ளி, மறுபடி நகர்த்தி, "இப்போ தெரியுதா?" என்று கேட்டார். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. "பாதி தெரியுது" என்றாள் அந்த அம்மாள். அவர் தலையணையை இன்னொரு தடவை மடித்து வைத்தார்.

இத்தனை நாள் ஒவ்வொருவரிடமும் பல்லைக் காட்டிக்கொண்டு 'என்ன சார், குடும்பத்தைக் கூட்டிட்டு வரலையா' என்று கேட்டிருக்கிறோமே என்று நினைத்தபோது, அக்காவுக்குத் தன் நாக்கைத் தானே கடித்துக்கொள்ளத் தோன்றியது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று துடித்தாள், தெரிந்துகொண்டாள். இப்போது என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அன்று வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பாப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பாப்பா குழாயை மூடக்கூட இல்லை.

"தெரியும் அண்ணி."

"என்னது?"

"முதல் நாளே தெரியும். தினம் அந்த ரோட்டுலதானே போறேன். ஃபிளாஸ்க்கைத் தூக்கிட்டு வரிசையா நடக்கிறது கண்ணுல படாதா?"

"அடிப்பாவி! தெரிஞ்சுமா வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி இருந்தே? ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொன்னா போதுமே. வாசல்லயே கேட்டு இவங்களைத் திருப்பி அனுப்பிட்டா, அந்த இடத்துல நிஜமா பொருட்காட்சிக்கு வர்றவங்க நிப்பாங்க. பஸ் ரொம்பிடும், உன் வேலையும் நிலைக்கும்."

"திருப்பி அனுப்பினா எங்க போவாங்க?"

அக்கா ஈரத் தட்டு ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"பொருட்காட்சிக்கு ரயில் இருக்கு அண்ணி. வாசல்லயே கொண்டுபோய் இறக்குது. ஆஸ்பத்திரிக்கு என்ன இருக்கு? நம்ம சுவத்துல ஒரு ஓட்டைதான் இருக்கு."

"அப்போ நடக்கிறவங்களை நீயே ஏத்திக்கிட்டுப் போகலாமே?"

"ரெண்டு இடத்துல மட்டும்தான் கதவைத் திறக்கணும்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. நடுவுல திறந்தேன்னு தெரிஞ்சா அன்னிக்கே சாவியைப் பிடுங்கிக்குவாங்க." பாப்பா கடைசித் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், பாப்பாவை அசைக்க முடியாது. அக்கா சத்தியம் செய்தாள். செய்துவிட்டு இரண்டு நாளும் அவதிப்பட்டாள். இந்தப் பெண் மூன்று வருடம் வீட்டுக்குள் எப்படிக் கிடந்தாள் என்பதைக் கூடவே இருந்து பார்த்தவள் அவள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கப் போய்த் தன் வீட்டுப் பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போடுவதா என்று ஒரு மனம். மூன்றாவது மாடியில் பார்த்த அந்தக் கட்டில் ஒரு மனம்.

ஞாயிற்றுக்கிழமை தலை எண்ணுகிறவர் சரியாக நாலு மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், அட்டையில் செருகிய படிவம், காதில் பென்சில். அக்கா மறுபடியும் டோக்கன் கட்டை விசில் அண்ணனிடம் தள்ளிவிட்டுப் பேருந்தில் ஏறி அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். வாயைப் பூட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். ஆனால் சாவி நாக்கு நுனியிலேயே இருந்தது.

"ஆறு" என்றார் அவர். அக்காவையும் சேர்த்து ஆறு. வண்டி கிளம்பியது.

சலவைக்கடைக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள், ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் பை, வெயிலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பாப்பா அவளைக் கடந்துவிட்டாள். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தாள். எப்படியும் ஆறு பேர்தான். போகிற வேலை போகத்தான் போகிறது. பிரேக்கை மிதித்தாள். கதவு புஸ்ஸென்று திறந்தது.

"ஏறுங்கம்மா. ஆஸ்பத்திரிதானே? இறக்கி விடறேன்."

எண்ணுகிறவர் தலையைத் தூக்கி, "இது ஸ்டாப் இல்லையேம்மா" என்றார்.

"தெரியும் சார்" என்றாள் பாப்பா. கதவை மூடவில்லை.

திறந்த கதவைக் கண்டதும் முன்னால் நடந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நமக்கா என்று சந்தேகமாக ஒருவர் கையைக் காட்டினார். பாப்பா தலையாட்டினாள். அவ்வளவுதான், ஃபிளாஸ்க்கும் பையும் சாப்பாட்டு அடுக்குமாக ஏறினார்கள். இரும்புக் கடை அருகே இன்னொரு கூட்டம். தலையணைக்காரர் அதில் இருந்தார், இன்று கையில் ஒரு போர்வை. எண்ணுகிறவரின் பென்சில் நகர்ந்துகொண்டே இருந்தது. பதினொன்று. இருபத்துநாலு. நாற்பத்துமூன்று.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி காலியானது. உண்மையான பொருட்காட்சிக்காரர்கள் ஐந்து பேர் மட்டும் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்க யாரும் பொருட்காட்சிக்கு வந்தவங்க இல்லையா?" என்றார் அவர், அக்காவைப் பார்த்து.

சத்தியமாவது ஒன்றாவது. அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். உடைந்த சுவர், தோண்டிய பள்ளம், பாப்பா முதல் நாளே தெரிந்தும் வாய் திறக்காதது, எதையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள்.

அவர் படிவத்தைத் திருப்பி அவளிடம் காட்டினார். நடை, நேரம், ஏறியவர்கள். மூன்றே கட்டம். "பதினெட்டு வருஷமா தலை எண்ணறேன்மா. எத்தனை பேர் ஏறினாங்கன்னு கேக்கறாங்க. எங்க இறங்கினாங்கன்னு கேக்க இதுல இடமே இல்ல."

"கதவு திறந்தது?" என்று முன்னாலிருந்து பாப்பாவின் குரல் வந்தது, மெதுவாக.

"அது வேற பிரிவும்மா. அவங்க ஆள் அனுப்பறப்போ அதை அவங்க எண்ணிக்கட்டும்." பென்சிலைக் காதில் செருகினார். "இன்னும் நாலு நடை இருக்கு. டோக்கன் ஜன்னல்ல இப்ப யாரு?"

அக்கா அடுத்த நொடி எழுந்து கதவருகே போய் நின்றுவிட்டாள்.

அன்று ஐந்து நடைக்கும் சேர்த்துச் சராசரி முப்பத்தெட்டு. பாப்பாவுக்கு வேலை நிலைத்தது. அடுத்த மாதம் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நிறுத்தக் கம்பமும் நட்டார்கள். அதற்கு யார் கடிதம் எழுதினார்கள் என்று அக்கா கேட்காத ஆளில்லை, இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் அக்காவுக்கு முதலில் ஞாபகம் வருவது இரண்டாவது நடைக்கு முன்னால் வந்த ஒரு சின்னக் கார்தான்.

உள்ளே ஒரு இளம்பெண், தனியாக. பக்கத்து சீட்டில் கைக்குழந்தையின் துணிகள் மடித்து வைத்த பை. குழந்தை இல்லை.

அக்கா டோக்கனைக் கிழித்து நீட்டினாள். "அதோ நிக்குது பாரும்மா, அந்த பஸ்ல ஏறிக்க. ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும்."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. 'பொருட்காட்சி பார்வையாளர்களுக்கு மட்டும்' பலகையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இல்லக்கா, நான் பொருட்காட்சிக்குத்தான் வந்தேன்" என்றாள்.

"சரிம்மா" என்றாள் அக்கா. "போற வழியிலதான் ஆஸ்பத்திரி. ஏறிக்க."