ஊத்துக்குளியில் ரயிலை முந்தியவன்

அறுபத்தெட்டு வயதில், இடுப்பில் பெல்ட்டும் வாயில் பாதிப் பல்லுமாக, மிதிவண்டியில் போய் ஒரு முழு ரயிலை முந்தியவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். ஊத்துக்குளிக்குப் பக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. ரயில் ஓடிக்கொண்டிருந்ததா, சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்ததா என்று சிலர் குறுக்குக் கேள்வி போடுவார்கள். பந்தயத்தில் எதிராளி ஏன் நின்றான் என்று எந்த நடுவரும் விசாரிப்பதில்லை என்பதுதான் அவர்களுக்கு என் பதில்.

இதை நான் சொல்லாத ஆள், நான் குடியிருக்கும் ராயபுரத்தில் கிடையாது. பால் ஊற்றுகிறவரிடம் சொன்னேன், கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரிடம் சொன்னேன், தவறான எண்ணுக்குப் போன் போட்ட ஒரு சேலத்துக்காரரிடமும் சொன்னேன். எல்லோரும் “அப்படீங்களா” என்றார்கள். எங்கள் ஊர் மரியாதை அப்படி. முகத்துக்கு நேராக யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள். கேட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

இல்லை என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான், சனாவுல்லா பாய். அவருக்கு அது தொழில். நான் கட்டிங் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் இன்சார்ஜ். இருபத்தேழு வருஷம் நான் வெட்டினேன், அவர் தள்ளினார். ஒரு தையல் கோணினாலும் சிவப்பு ஸ்டிக்கர், ஊசி முனை அளவுக்குப் பொத்தல் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர். இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, தினமும் சாயங்காலம் மூலை பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து அதே வேலையைத் தொடர்கிறோம். நான் ஒன்று சொல்வேன், அவர் தள்ளுவார்.

“அந்த ரயிலுக்கு எஞ்சின் மாட்டியிருந்துச்சுங்களா மாஸ்டர்?” என்று கேட்டார்.

நான் எதற்கு மிதிவண்டியில் ஏறினேன் என்பதைச் சொல்ல வேண்டும். மனைவி நிர்மலா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. மகள் அனுப்பிரியா கனடாவில் இருக்கிறாள். அவளுக்கு விடியும்போது எனக்குப் பொழுது சாய்ந்துவிடும், அதனால் எங்கள் பேச்சில் பாதி கொட்டாவி. சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு நாற்காலிகள் இருக்கின்றன. முறை வைத்து, நாளுக்கு ஒன்றில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எந்த நாற்காலிக்கும் மனவருத்தம் வரக் கூடாதல்லவா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நின்றுகொண்டே சாப்பிடுவேன்.

இந்த நிலையில்தான் கைபேசியில் அந்த விளம்பரம் வந்தது. வியட்நாமில் பத்து நாள் சைக்கிள் சுற்றுலா. வழிகாட்டி முன்னால் போவார், பின்னால் வேன் வரும், பன்னிரண்டு பேர் குழு. விரல் தவறித் தொட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் சென்னையிலிருந்து தரணி என்ற பெண் கூப்பிட்டாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, ராத்திரி நன்றாகத் தூங்குகிறீர்களா, காரம் ஒத்துக்கொள்ளுமா என்று வரிசையாகக் கேட்டாள். நான் தூங்குகிறேனா என்று அந்த வருஷத்தில் கேட்டது அவள் ஒருத்திதான். ஒவ்வொரு கேள்விக்கும் கால் மணி நேரம் பதில் சொன்னேன். பிறகு ஒரு படம் அனுப்பினாள். மூங்கில் கூரைக்குக் கீழே நீளமான மேசை. நாள் முழுக்க மிதித்துவிட்டு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒரே சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறார்கள். ஒருத்தர் சிரிக்கிறார், இன்னொருத்தர் அவர் தட்டிலிருந்து எதையோ எடுக்கிறார். படத்தில் சைக்கிள்களும் இருந்தன போலிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏற்பாடுகள் ஆரம்பமாயின. வியட்நாமில் புழுக்கம் அதிகம், உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள் என்றாள் தரணி. நான் பழைய கம்பெனிக்குப் போய், அயர்னிங் செக்‌ஷனில் எட்டு ஸ்டீம் டேபிளுக்கு நடுவில் மதியம் இரண்டு மணி நேரம் நின்றேன். நான்கு கிலோ குறைந்தேன் என்று வீட்டுக்கு வந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் மூன்றரை, கழற்றிப் போட்ட ஈர வேட்டியின் எடை.

பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டும், வேன் டிரைவர் கண்ணில் பட வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். கட்டிங் மாஸ்டர் கடையில் போய்ச் சட்டை வாங்குவதா? பிட் துணிக் கடையில் கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் துணி எடுத்து, சாப்பாட்டு மேசையிலேயே விரித்து வெட்டினேன். அந்த மேசைக்கும் கொஞ்சம் வேலை கிடைத்தது. இடது கைக்கு மட்டும் துணி போதவில்லை. மறுநாள் போய் இன்னொரு ரோலில் வாங்கி, டியூப் லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. நிர்மலாவின் மெஷினில் தைத்தும் முடித்தேன்.

அந்தச் சட்டையோடுதான் செவ்வாய்க்கிழமை பெருந்துறை வரை மிதித்துவிட்டுத் திரும்பினேன். போக வர எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது. கேட்பவர்களுக்கு நூற்றைம்பது. கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். யாரும் கூப்பிடப் போவதில்லை, வெறும் சுமை. ஊத்துக்குளியை நெருங்கும்போது, சாலைக்கு இடது பக்கம் தண்டவாளத்தில் ஈரோட்டிலிருந்து வருகிற ரயில். ஒவ்வொரு பெட்டியாகப் பின்னால் தள்ளினேன். ஜன்னல்களில் முகங்கள். எஞ்சினையும் தாண்டியதும் சந்தோஷம் தாங்காமல் திரும்பி மொத்த ரயிலுக்கும் கை காட்டினேன். அப்போது பார்த்து ரயில் ஊதிக்கொண்டு நகர்ந்தது. என் முன்சக்கரம் ஜல்லியில் இறங்கியது. விழுந்தேன். ரயில் என்னைத் தாண்டிப் போய்விட்டது. அந்த வெயிலில் ரோட்டில் ஒரு நாதியில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், பிறகு எழுந்து, பிசகிய அதே காலால் வீடு வரை மிதித்தேன்.

விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ரயிலை ஜெயித்தவன் டாட்டா காட்டப் போய் விழுந்தான் என்றால் கதை கெட்டுவிடும். பாத்ரூமில் வழுக்கியது என்று டாக்டரிடமே சொன்னேன். கணுக்கால் சுளுக்கு, பத்து நாள் பெடலைத் தொடக் கூடாது என்றார்.

இன்னொரு ரகசியமும் இருந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான், வெயிலில், சட்டையைச் சரியாகப் பார்த்தேன். இடது கை ஒரு ஷேடு வெளிறி, லேசாகப் பச்சை அடித்தது. ஷேடை வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இந்த ஊரில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் தெரியும். முப்பத்தொன்பது வருஷ மாஸ்டர், வெவ்வேறு தடவை சாயம் போட்ட இரண்டு லாட் துணியை ஒரே சட்டையில் வைத்துத் தைத்திருக்கிறேன். சனாவுல்லா கண்ணில் பட்டால் என் சர்வீஸ் முழுவதற்கும் சேர்த்து ஒரே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். சட்டையை பீரோவில், நிர்மலாவின் புடவைகளுக்கு அடியில் செருகினேன்.

அன்று சாயங்காலம் பேக்கரிக்குப் போகவில்லை. சனாவுல்லா வீட்டுக்கே வந்துவிட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை, ரம்ஜான் பிரியாணியோடு வருகிறவர் அவர். நான் கால் சமாசாரத்தைச் சொல்வதற்கு முன்பே பையிலிருந்து வலித் தைலத்தை எடுத்து வைத்தார். எங்கள் வயதில் எல்லோர் பையிலும் அது இருப்பதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ரயிலை முந்தியதை முதன்முதலில் அவரிடம்தான் சொன்னேன். எந்த ரயில் என்றுகூடக் கேட்காமல், நடக்காத காரியம் என்றார்.

மறுநாளே தரணி ஒரு படிவம் அனுப்பினாள். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், ஒரே மூச்சில் நெடுந்தூரம் மிதிப்பதைக் கண்ணால் பார்த்த ஒருவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சொந்தக்காரராக இருக்கக் கூடாது. அவருடைய எண்ணுக்குக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

பார்த்தவர் யார்? மற்ற நாளெல்லாம் நான் மிதித்துப் பழகியது விடிவதற்கு முன்னால். எழுபத்திரண்டு நாய்கள் சாட்சி, ஒன்றிடமும் போன் நம்பர் இல்லை. மறுபடி மிதித்துக் காட்டலாம் என்றால் கால் இல்லை. சனாவுல்லாவிடம் படிவத்தை நீட்டினேன்.

“பார்க்காம ஒரு பீஸுக்குக்கூட நான் பாஸ் போட்டதில்லீங்க மாஸ்டர்” என்றார். “அன்னைக்கு நான் ஊட்டுல இருந்தனுங்க.”

நானும் விடவில்லை. தெரிந்த எல்லாப் பொய்யும் சொல்லிப் பார்த்தேன். வியட்நாமில் எனக்கு வரவேற்பு வளைவு கட்டுகிறார்கள் என்றேன். அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை அவர் பேக்கரிக்கே வரவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பெஞ்சில் இருந்தார். நொண்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். படிவம் சட்டைப் பையில் இருந்தது, எடுக்கவில்லை. சொல்வதற்குப் பொய் எதுவும் மீதமில்லை.

“உடுங்க பாய்” என்றேன். “அந்தப் புள்ளகிட்ட வேண்டாமுன்னு சொல்லிடறன். சைக்கிளெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. பத்து நாளைக்கு, சாப்பிடறப்ப எதிர்ல ஆள் இருக்கும். அதுக்குத்தான்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பேக்கரிக்காரர் பன்னுக்கு வெண்ணெய் தடவுவதையே பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எடது கை வேற லாட்டுங்க.”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“மஞ்சச் சட்டை. எடது கை ஒரு ஷேடு கம்மி, பச்சை அடிக்குது. ஜன்னல்ல உக்காந்தே தள்ளிட்டனுங்க.”

அவர் மகள் அஃப்ஷீன் ஈரோட்டில் இருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு அந்த ரயிலில்தான் திரும்பியிருக்கிறார். யாரோ பைத்தியக்காரன் மஞ்சள் சட்டையில் வருகிறான் என்று பக்கத்துச் சீட்டில் சிரித்தார்களாம். இவரும் சிரித்தாராம், முகம் தெரிகிற வரைக்கும்.

“விழுந்ததையும் பார்த்தனுங்க. எந்திரிச்சுக் கதவுக்கு வர்றதுக்குள்ள வண்டி வேகம் எடுத்திருச்சு. நீங்க எந்திரிச்சீங்களா இல்லியான்னுகூடத் தெரியல. அங்க, பாஷை தெரியாத ஊருல விழுந்தா ஆருங்க தூக்குவாங்க?” டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார். “அதுவும் இல்லாம, பத்து நாளைக்கு இந்த பெஞ்சுல நான் ஆரு பேச்சைத் தள்ளறது?”

அவராகவே என் சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டி, முன்பக்கம் பின்பக்கம் தையல் பார்ப்பதுபோல் பார்த்து, கையெழுத்துப் போட்டார். நான் படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். தரணிதான். என் பெயரைச் சொல்லி, மகுடேஸ்வரன் சார் நெடுந்தூரம் மிதித்ததை நீங்கள் நேரில் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

“பார்த்தனுங்க கண்ணு.”

எங்கே, எப்படி என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். ரயில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தது என்பதை இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். இருபத்தேழு வருஷத்தில் ஒரு குறையை அவர் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டதில்லை.

“ஊத்துக்குளிகிட்டங்க” என்றார் சனாவுல்லா. “நான் ரயில்ல வந்துட்டு இருந்தன். இவரு சைக்கிள்ல வந்தாரு. எங்க ரயிலை முந்திட்டுப் போனாருங்க.”