மெக்கானிக் வரும் நாள்

என் அறை ஏசியிலிருந்து கசிந்த தண்ணீர், ஹாலில் புதிதாக அடித்த பெயின்ட்டை ஊற வைத்துவிட்டது. அதனால்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள்.

அவர் மதியம் வருவதாக இருந்தது. காலையிலேயே மகனும் மருமகளும் என் அறைக்குள் வந்தார்கள். நான் படுக்கையில் விழுந்த பிறகு இருவரும் சேர்ந்து உள்ளே வந்தது அன்றுதான். மற்ற நாட்களில் சாப்பாட்டுத் தட்டு கதவோர ஸ்டூலுக்கு வரும், போகும்.

மகன் ஒட்டடை அடித்தான். மருமகள் நாறிக் கிடந்த விரிப்பை உருவிவிட்டு வெள்ளை விரிப்பு போட்டாள்.

"மாமா, கையத் தூக்குங்க, சட்டை மாத்திடலாம்."

"மாப்பிள்ளை மாதிரி ஜோடிக்கிறியே, பொண்ணு வீட்டுக்காரங்களா வர்றாங்க?"

அவள் சிரித்துவிட்டாள். மகன் சிரிக்கவில்லை.

"வெளியாள் வர்றாருப்பா. இந்த நாத்தத்துல எப்படி நிப்பாரு?"



மெக்கானிக் வந்தார். குழாயில் இருந்த அடைப்பை ஊதி எடுத்தார். ஏசியைப் போட்டதும் குளிர்ந்த காற்று வந்தது.

"பெரியவரை ராஜா மாதிரி வச்சிருக்கீங்க சார்" என்றார். மகன் அடக்கமாகத் தலையாட்டினான்.

"தம்பி, திரும்ப எப்ப வருவீங்க?" என்று கேட்டேன்.

"கவலைப்படாதீங்கய்யா. இனிமே நான் வர வேண்டிய வேலையே இருக்காது."

"அப்பாடா" என்றான் மகன்.

அவரை வாசல் வரை வழியனுப்ப இருவரும் போனார்கள். குளிர் வெளியே போய்விடக் கூடாதென்று மகன் என் அறைக் கதவை இறுக்கிச் சாத்தினான்.