நிற்காத ரத்தம்

அத்தானின் மூக்கில் நான் குத்தியது உண்மை. அதற்காக இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

நானும் அவரும் ஒரே அறுப்புக்கூடத்தில் வேலை. அவர் கத்தி, நான் கொக்கி. அவர் கழுத்தை அறுப்பார், நான் பின்னங்காலில் கொக்கி மாட்டி மேலே ஏற்றுவேன். ஒரு காலைப்பொழுதில் நாற்பது மாடு. என் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னை அதட்டுவது தன் உரிமை என்று நினைப்பவர். எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கு மாரடைப்பு வந்தது. அடைத்துப்போன ரத்தக்குழாயை விரித்து உள்ளே ஸ்டென்ட் என்ற கம்பிவலையை வைத்து அனுப்பினார்கள்.

அன்று டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ரத்தத்துல தட்டணுக்கள்னு பொடிப்பொடியா இருக்கு. எங்க கிழிஞ்சாலும் ஓடி வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடைச்சிடும். நல்ல விஷயம்தான். ஆனா இவர் நெஞ்சுல வெச்ச ஸ்டென்ட்டையும் அதுங்க காயம்னு நெனச்சு அடைச்சிடும். இதயத்துல அடைச்சா மாரடைப்பு. மூளைக்குப் போற குழாயில அடைச்சா பக்கவாதம். இந்த ரெண்டு மாத்திரையும் அதுங்களை ஒட்ட விடாது. நான் சொல்ற வரைக்கும் ஒரு நாள்கூட விடக்கூடாது."

அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் வெள்ளை ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று, தன் கையாலேயே அவர் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் வேலைக்கு விடுவாள்.

வினை ஒரு சின்னக் கீறலில் தொடங்கியது. கத்தி நழுவி அத்தானின் கட்டைவிரல் கிழிந்தது. எங்களுக்கு அது தினப்படி சமாச்சாரம். துணியைச் சுற்றிவிட்டு அடுத்த மாட்டைப் பார்ப்போம். ஆனால் அன்று துணி நனைந்தது, இன்னொரு துணியும் நனைந்தது. அரைமணி நேரம் ஒழுகியது. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ரத்தம் சொட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் என்ன நினைத்திருப்பார் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் கூடத்தில் ஒரு கணக்கு உண்டு. அறுத்த மாட்டின் ரத்தம் உறையாமல் ஒழுகிக்கொண்டே இருந்தால் அது நோய் கண்ட மாடு. தோலைக்கூட உரிக்காமல் குழியில் தள்ளிச் சுண்ணாம்பு கொட்டிவிடுவோம். அப்படி எத்தனையோ மாடுகளைக் குழிக்கு அனுப்பியவர் அவர்.

பிறகு ஒரு காலை. வந்ததும் வராததுமாக அவர் ரத்தம் ஓடும் சாக்கடை ஓரம் குனிந்து துப்புவதைப் பார்த்தேன். சிமெண்டில் இளஞ்சிவப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாதி கரைந்த வெள்ளை.

"என்ன அத்தான் இது?"

"உன் வேலையைப் பாரு."

"எத்தனை நாளா துப்புறீங்க?"

"ஒன்பது நாளா. கன்னத்துல அடக்கிக்கிட்டு வந்து துப்பிடறேன். அது என் ரத்தத்தைக் கெடுக்குது மச்சான். சீக்கு மாட்டு ரத்தம் மாதிரி ஆயிடுச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குத்தினேன். அவர் சும்மா இருப்பாரா? கொக்கியின் கட்டையால் என் விலாவில் ஒன்று வைத்தார். என் கழுத்தைப் பிடித்து, அங்கே தொங்கிக்கொண்டிருந்த மாட்டின் மேல் சாய்த்தார். சூடு ஆறாத சதை என் முதுகில் ஒட்டியது. காலை வாரிவிட்டேன். இருவரும் ரத்தத் தரையில் உருண்டோம். விலக்க வந்தவனுக்கும் இரண்டு விழுந்தது.

மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்தபோது அவர் மூக்கைத் துடைத்து விரலைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, மூக்கு ரத்தம் அதுக்குள்ள நின்னு போச்சு. இப்பதான் என் ரத்தம் பழையபடி ஆயிருக்கு."

சிரித்த வாயோடு அவர் நெஞ்சைப் பிடித்தார். நெற்றியில் வியர்வை கொட்டியது. ஏதோ சொல்ல வந்து அப்படியே சரிந்தார்.

இறைச்சி வண்டியில்தான் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மாத்திரைகளை நீட்டி, மென்று விழுங்கச் சொன்னார். அத்தான் வாயைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டார். நான் தாடையை இரண்டு கையாலும் பிளந்து உள்ளே தள்ளினேன். என் விரலைக் கடித்தார். அடுத்த நிமிடம் கண் செருகியது. நெஞ்சில் மின்சாரம் வைத்தார்கள், அந்தப் பெரிய உடம்பு கட்டிலை விட்டு எழும்பி விழுந்தது. மறுபடியும் வைத்தார்கள். அவர் செத்துவிட்டார், நான்தான் அடித்துக் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இதயம் மறுபடி ஓட ஆரம்பித்ததும் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "மாத்திரை விட்டு எத்தனை நாள்?"

"ஒன்பது," என்றேன். அதற்குள் வந்து சேர்ந்திருந்த அக்கா என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்டென்ட்டை அடைத்திருந்த கட்டியை எடுத்தார்கள். இதயத்தில் ஒரு பகுதி செத்துப்போனது, இனி அவரால் மாடு அறுக்க முடியாது என்றார்கள். சாயங்காலம் கண் விழித்தார். அக்கா அழவில்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்து அவர் முழங்கைக்குக் கீழே பிடித்தாள். அவ்வளவு வெறியோடு அவள் எதையும் பிடித்து நான் பார்த்ததில்லை.

"என் கையால குடுத்தேனே. ஒன்பது நாளும் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே ஏமாத்துனீங்களே."

அவர் வலியில் முனகினார். நர்ஸ் வந்து அவளைப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை டாக்டர் வந்து போர்வையை விலக்கினார். அந்தக் கையில் ஐந்து விரலும் கருநீலமாகப் பதிந்திருந்தன.

"யாரு இப்படிப் பிடிச்சது?"

"நான்தான்," என்றாள் அக்கா.

"இனிமே இவரை மெதுவாத்தான் தொடணும். மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு, அதான் லேசா அழுத்தினாலும் கன்னிப்போகுது."

அத்தான் வெட்கப்பட்டுப் போர்வையை இழுத்துக் கையை மூடினார். அக்கா அதைத் திரும்ப விலக்கினாள்.

"மூடாதீங்க," என்றாள். "நான் பாக்கணும்."