வாசல் தாண்டாத பெற்றோல்

"முருகா, இந்த மனுசனோட நான் எப்பிடித்தான் காலம் தள்ளுறது!"

குண்டசாலைக்குக் கீழே, நீர்த்தேக்கக் கரையில், படகின் எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. மருத்துவமாது பத்மாதேவி பையும் கையுமாகப் படகுக்குள் நின்று கத்தினாள். அவள் கணவர் அம்பிகைபாகன் மறுபடி கயிற்றை இழுத்தார். ம்ஹூம்.

அக்கரைத் தோட்டத்துக் கறுப்பையா கைகளைப் பிசைந்தான். அவன் மனைவி வீரம்மாவுக்கு வலி கண்டிருந்தது. எண்பத்தொன்பதாம் ஆண்டு, ஊரடங்கு, ரோட்டெல்லாம் கிளர்ச்சிக்காரர் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். காட்டுப் பாதையால் சுற்றி ஓடி வந்திருந்தான்.

"சுருக்கா போவோங்க மிஸ்ஸி. போன புள்ளைக்கே ரத்தம் நிக்காம சாகப் பாத்தவ."

அம்பிகைபாகன் எரிபொருள் தாங்கியின் அடியைத் திறந்து போத்தலில் பிடித்தார். மேலே பெற்றோல், கீழே கலங்கல் தண்ணீர். பெற்றோல் தட்டுப்பாட்டில் மிச்சம் பிடிக்கிறேன் என்று மழைக்கு முன் ஸ்பிரிட் கலந்து ஊற்றிய மகா புத்திசாலி அவர். ஸ்பிரிட் ஈரத்தை விடுமா? பாதி வெறுமையாய்க் கிடந்த தாங்கிக்குள் மாரி முழுக்கக் காற்றின் ஈரத்தைக் குடித்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிட்டது.

"ஒண்டில் நிரப்பி இறுக்கி மூடியிருக்கவேணும், இல்லாட்டி முழுக்க வடிச்சிருக்கவேணும். தெரியாதோ?"

"தெரியும். வடிச்சு எங்க வைக்கிறது? பெற்றோல் கான் எங்கட வாசல் தாண்டக்கூடாது எண்டு நீர்தானே சொன்னனீர்."

எண்பத்து மூன்று கலவரத்தில் அவர்களுடைய அம்பிட்டிய வீட்டை எரித்தவர்கள் பெற்றோல் கானோடுதான் வந்தார்கள். அந்த மணம் பட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது. பத்மாதேவிக்குக் கோபம் அடங்கவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"பாத்துக்கொண்டு நிக்காமத் துடுப்பை எடுங்கோ!"

ஆண்கள் இருவரும் மாறி மாறி வலித்தார்கள். அந்தப் பாழாய்ப்போன தண்ணீர் முடியவே இல்லை. தோட்டத் தொழிலாளர் லயத்து அறைக்குள் நுழைந்தபோது பிள்ளை பிறந்து வீரிட்டுக்கொண்டிருந்தது; வீரம்மா வெளிறிக் கிடந்தாள். இரத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பத்மாதேவி எழும்பினாள்.

"இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா இவள் இல்லையப்பா," என்றாள் கணவரிடம்.

அடுத்த கிழமை கலப்பில்லாத பெற்றோல் ஒரு கான் கிடைத்தது. அம்பிகைபாகன் வழக்கம்போல் கானோடு படகுக் கரைப்பக்கம் திரும்பினார்.

"எங்க போறியள்? திரும்பவும் தாங்கிக்குள்ள கிடந்து ஈரம் குடிக்கவோ?"

பத்மாதேவி கானைப் பறித்தாள். மூடியை இறுக்கி, வாசல் தாண்டி, பின்னறை மூலையில் கொண்டுபோய் வைத்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.