ஆளுக்கொரு அட்டை

வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவருக்கு எதையும் பேருந்தாக்கிப் பார்த்தால்தான் புரியும். வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு இரண்டு வகை என்றதும் அப்படித்தான் பிரித்துவைத்தார். முதல் வகை டிக்கெட் மாதிரி: எந்த மருத்துவமனையிலும் ஏறலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் செலவில் ஒரு பங்கு நம் கையிலிருந்து. இரண்டாவது பாஸ் மாதிரி: கைக்காசு வேண்டாம், மாத்திரைகூட இலவசம். ஆனால் அவர்கள் போட்ட தடத்தை விட்டு இறங்க முடியாது.

சிக்கல் அங்கேதான். மனைவியின் இதய டாக்டர் அந்தத் தடத்தில் இல்லை. டிக்கெட் எடுத்தாலோ, இவருடைய சர்க்கரை மாத்திரைக்கு ஒரு காசு பெயராது.

காப்பீட்டு அலுவலகத்தில் காத்திருக்கும்போதும் அதே வழக்குத்தான்.

"டிக்கெட்தான். உன் டாக்டரை விடக்கூடாது."

"மாத்திரையை இன்னமும் பாதியா உடைச்சு முழுங்கப் போறீங்களா?"

அவர் திருதிருவென்று விழித்தார்.

"மாச டப்பா ரெண்டு மாசம் வருது. நான் என்ன குருடா? பாஸே போடுங்க. இதயம்னா எல்லா டாக்டருக்கும் ஒண்ணுதான்."

"ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம ஓடி வந்து உன்னைக் காப்பாத்தினது எல்லா டாக்டருமா?"



முறை வந்தது. "எந்தத் திட்டம்?" என்றாள் கவுண்டர் பெண்.

"டிக்கெட்," என்றார் இவர். "பாஸ்," என்றாள் மனைவி.

கவுண்டர் பெண் பேந்தப் பேந்த விழித்தாள். இவர் தன் பேருந்துக் கணக்கையும் டாக்டர், மாத்திரைச் சிக்கலையும் விளக்கியதும் சிரித்துவிட்டாள். "சரிதான். ஐயாவுக்குப் பாஸ், அம்மாவுக்கு டிக்கெட்."

"வீட்டுக்கு ஒண்ணுதானேம்மா?"

"இது என்ன தண்ணி கனெக்‌ஷனா, வீட்டுக்கு ஒண்ணுன்னு சொல்ல? ஆளுக்கு ஒண்ணுங்கய்யா. அவங்கவங்க உடம்புக்கு எது தோதோ அது."

கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் வங்கிக் கணக்கு ஒன்று, குடை ஒன்று. காப்பீடு தனித்தனியாக இருக்கலாம் என்று யாருக்குமே உறைக்கவில்லை.

"இவ டாக்டருக்குக் கட்ட வேண்டிய பங்கு?" என்றார் மெதுவாக.

"உங்க மாத்திரைக் காசு மிச்சம் ஆகுதில்ல? அதுலேயே கட்டிடலாம்."

"நீ நல்லா இருக்கணும் தாயி," என்று மனைவி கவுண்டர் இடுக்கில் கையை விட்டு அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. மனைவி கையை எடுக்கவில்லை.

மதியம் சாப்பிட்டதும், மனைவியின் கண் முன்னாலேயே முழு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"நாக்கை நீட்டுங்க, பாப்போம்," என்றாள்.

நீட்டினார்.