மற்றவர்

சின்னவள் மூன்றாவது முறையாக விரலை அழுத்தினாள். திரை அசையவில்லை. குளித்துவிட்டு ஓடிவந்த ஈரம் இன்னும் கையில் இருந்தது. முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். இந்தத் தடவை ஏற்றுக்கொண்டது. முதலில் அவள் முகத்தைப் படம் பிடித்தது. பிறகு அவளுடைய கைபேசி எண்ணையும் நோயாளியின் எண்ணையும் கேட்டது.

ஆஸ்பத்திரியின் இந்த வாசலில் போன மாதம்வரை ஒரு மேசை கிடந்தது. அதற்குப் பின்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுச் சீட்டு கிழித்துக் கொடுப்பார்கள். சிடுசிடுவென்றுதான் கொடுப்பார்கள், ஆனால் கொடுத்துவிடுவார்கள். இப்போது மேசையைத் தூக்கிவிட்டு, ஆள் உயரத்துக்கு நான்கு இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து வரும் சீட்டைக் காட்டினால்தான் கண்ணாடிக் கதவு திறக்கும்.

ஆறு நாளாக அவளிடம் ஒரு சீட்டு இருந்தது. மேலே வார்டில் கிடக்கும் பெரியவளின் மகன் வெளிநாட்டில் இருந்தபடியே கைபேசியில் தட்டி எடுத்துக் கொடுத்தது. அதற்கு இன்று காலை எட்டு மணியோடு ஆயுசு முடிகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஏழரை மணிக்கு, "ஒரு குளியல் போட்டுட்டு வந்துடறேன்க்கா" என்று கிளம்பினாள். பெரியவள் கண்ணைத் திறக்காமலே, "நான் போறப்ப நீ பக்கத்துல இருப்ப இல்ல?" என்று கேட்டாள்.

"நீ எங்க போற? நான்தான் போறேன், குளிக்க" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு வந்தாள். இப்போது அந்த விளையாட்டை நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. தலை துவட்டிக்கொண்டிருந்தபோதுதான் வார்டிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். "மூச்சு மாறுதும்மா. சீக்கிரம் வந்துடுங்க."

பெரியவளின் மகன் இங்கே வரும் விமானத்தில் இருந்தான். சாயங்காலம்தான் இறங்குவான்.

இயந்திரம் அடுத்த கேள்விக்குப் போனது. 'நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?' கீழே பட்டியல். கணவர், மனைவி, அப்பா, அம்மா, மகன், மகள், சகோதரர், சகோதரி, மற்றவர்.

அவள் அதில் ஓரகத்தியைத் தேடினாள்.

அண்ணனுக்கு ஒருத்தி, தம்பிக்கு ஒருத்தி என்று ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் இவர்கள். அண்ணனும் போனான், பின்னாலேயே தம்பியும் போனான். பெண்கள் இருவரும் மட்டும் அதே வீட்டில் தங்கிப்போனார்கள், மொத்தம் முப்பத்தொரு வருஷம். சண்டைக்குப் பஞ்சமே கிடையாது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதற்கே இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். சின்னவள் வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் யாராவது "அக்கா தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டால் பெரியவளுக்குப் பொத்துக்கொண்டு வரும். "ஓரகத்திங்க. கூடப் பொறந்திருந்தா எப்பவோ அடிச்சிக்கிட்டுப் பிரிஞ்சிருப்போம்" என்பாள். அப்போது அவள் முகத்தில் ஒரு பெருமை தெரியும். சின்னவளுக்கு அதில் உச்சி குளிர்ந்துபோகும்.

பட்டியலை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். இல்லை. பக்கத்தில் மஞ்சள் மேல்சட்டை போட்ட பெண் ஒருத்தி, "உண்மையான தகவலைக் கொடுங்க, தப்பாப் போட்டா லாக் ஆயிடும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் பொய் சொல்லப்போய் வம்பில் மாட்டிக்கொண்டால் என்ன ஆவது? சின்னவள் 'மற்றவர்' என்பதை அழுத்தினாள்.

"நன்றி. மற்றவர்களுக்கான பார்வை நேரம், மாலை நான்கு முதல் ஆறு வரை" என்றது இயந்திரம். குரலில் தேன் ஒழுகியது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதரை.

பதறிப்போய் முதலிலிருந்து தொடங்கி 'சகோதரி'யை அழுத்தினாள். 'நீங்கள் ஏற்கெனவே மற்றவராகப் பதிவாகியுள்ளீர்கள்' என்று திரையில் வந்தது. இன்னொரு இயந்திரத்துக்கு ஓடினாள். அதுவும் அதையே சொன்னது.

மஞ்சள் சட்டைக்காரி வந்து பார்த்தாள். "முகத்தை எடுத்துடுச்சும்மா. இனிமே எதுல போட்டாலும் ஆளைக் கண்டுபிடிச்சிடும்."

"நீ அந்த மேசையில இருந்த பொண்ணுதானே?"

"ஆமாம்மா. ரெண்டு பேர்ல ஒருத்திய வச்சிக்கிட்டாங்க. ஜனங்க மெஷினுக்குப் பழகற வரைக்கும்."

"கதவைத் திறந்துவிடும்மா. மேல அக்கா சாகக் கெடக்கறா."

"எங்கிட்ட சாவியே இல்லம்மா. அந்தக் கதவுக்குச் சாவியே கெடையாது." பிறகு, "அக்காவா? அப்புறம் ஏம்மா மற்றவர்னு போட்டீங்க?" என்றாள்.

"கூடப் பொறந்தவ இல்ல. ஓரகத்தி."

"எனக்கும் ஒருத்தி இருக்கா" என்றாள் மஞ்சள் சட்டைக்காரி. தன் கைபேசியை எடுத்து உதவி எண்ணுக்குப் போட்டாள். எங்கள் ஆட்கள் அனைவரும் வேலையாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பாட்டு ஓடியது. அவள் இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டு மெல்லிய குரலில், "அடுத்து யாராச்சும் உள்ள போறப்ப ஒட்டிக்கிட்டே போயிடுங்கம்மா. நான் பாக்கல" என்றாள்.

உயரமான ஆள் ஒருவர் சீட்டைக் காட்டினார். சின்னவள் அவர் முதுகோடு ஒட்டி நுழைந்தாள். கதவு பாதியில் அவள் தோளைக் கவ்வியது. கூடமே அதிரும்படி ஒரு ஊளைச் சத்தம் கிளம்பியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அறுபது வயதில் திருடியைப் போல் அகப்பட்டு நிற்கிறோமே என்று அவளுக்கு உடம்பு கூசியது. பின்வாங்கினாள், கதவு மூடிக்கொண்டது. உள்ளே போய்விட்ட ஆள் அந்தப் பக்கத்திலிருந்து கதவைத் தள்ளிப் பார்த்தார். அது நகரவில்லை. கையை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

கைபேசி அடித்தது. நர்ஸ்தான். "எங்கம்மா இருக்கீங்க?"

"கீழதான் நிக்கறேன். உள்ள விடமாட்டேங்குதும்மா."

"என்னால இறங்கி வர முடியாதும்மா. இருபது கட்டிலுக்கு நான் ஒருத்தி. போனை அவங்க காதுல வைக்கறேன், பேசுங்க. இன்னும் ரொம்ப நேரம் இல்ல."

பேசு என்றால் என்ன பேசுவது? மூச்சு மட்டும் கேட்டது. விட்டு விட்டு, ரொம்பத் தள்ளித் தள்ளி வந்தது.

"அக்கா, நான் வந்துட்டேன்க்கா" என்றாள் சின்னவள். "இதோ, பக்கத்துலதான் இருக்கேன்." இயந்திரத்திடம் சொல்லப் பயந்த பொய்யை அவளிடம் சொன்னாள். "உன் கையைத்தான் புடிச்சிருக்கேன், தெரியுதா? ஜன்னலை மூடிட்டேன். நீ சொன்னபடியே மூடிட்டேன், போதுமா?"

பின்னால் இயந்திரம் "அடுத்தவர் வரலாம்" என்றது. அந்தக் குரல் பெரியவளுக்குக் கேட்டுவிட்டால் எல்லாம் பாழ். சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பி, கைபேசியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "தலை ஈரமா இருக்குன்னு திட்டாத. வந்து துவட்டிக்கலாம்னு அப்படியே ஓடி வந்தேன். இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மூச்சுச் சத்தம் நின்ற பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போதும்மா" என்றது நர்ஸின் குரல்.

மஞ்சள் சட்டைக்காரிதான் அவள் கையைப் பிடித்து, கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். இறந்தவர்களை அங்கேதான் இறக்குவார்கள். அங்கே இயந்திரம் இல்லை. ஒரு மர நாற்காலியில் வயதான ஒருவர் பெரிய நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். பிறகு கூப்பிட்டு, இறந்தவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"நீங்க என்ன உறவும்மா?"

"ஓரகத்தி."

பேனா நின்றது. "சின்ன ரவா, பெரிய றவா?"

அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அதை எழுத வேண்டி வந்ததே இல்லை. "தெரியலீங்க."

"சின்ன ர போட்டுக்கறேன்" என்று எழுதி முடித்தார். "போங்க, உள்ள இருக்காங்க."

"இப்பவே போகலாமா? நாலு மணிக்குத்தான் விடுவாங்கன்னு சொன்னாங்க."

"இங்க நேரமெல்லாம் கெடையாதும்மா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்க. வண்டி வந்தா நான் கூப்பிடறேன்."

கதவை லேசாகத் தள்ளினாலே திறந்துகொண்டது. கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திப் பெரியவளைப் படுக்க வைத்திருந்தார்கள். மூலையில் ஓர் இரும்பு முக்காலி இருந்தது. சின்னவள் அதை இழுக்கப்போனாள். தரையில் கிறீச்சென்றது. கையை எடுத்துவிட்டாள். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, சத்தம் வராமல் கட்டில் பக்கத்தில் வைத்தாள்.